கிறிஸ்தவக் கல்வி என்றால் வேதபாட வகுப்பு மட்டும்தானா? கோட்பாடு எழுத யோசனை தேவை

புதிய_ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதோடு "கிறிஸ்தவப் பார்வையில் என் கல்விக் கோட்பாடு" என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் வசனங்கள் வரிசையாக வருகின்றன: நீதிமொழிகள் 1:7, நீதிமொழிகள் 22:6, உபாகமம் 6:7. அவற்றை அடுக்கிவிட்டு, "ஆகையால் பிள்ளைகளுக்கு அன்போடு கற்பிப்பேன்" என்று முடித்துவிடலாம். ஆனால் கடவுள் நம்பிக்கை இல்லாத நல்ல ஆசிரியரும் அன்போடுதானே கற்பிக்கிறார்?

நான் அறிவியல் எடுப்பவள். ஒளிச்சேர்க்கையை அவரும் நானும் ஒரே மாதிரிதான் நடத்துவோம். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? காலை ஜெபத்திலும் வேதபாட வகுப்பிலும் மட்டும்தான் என்றால், அதற்குக் கோட்பாடு என்ற பெயர் பெரியது. விண்ணப்பத்துக்காக மட்டும் கேட்கவில்லை. எனக்கே இது தெளிவாக வேண்டும்.

ஒலிவமரம்

சகோதரி, நல்ல கேள்வி. கொலோசெயர் 2:3 சொல்வதைக் கவனியுங்கள்: "அவருக்குள் ஞானம் அறிவு என்பவைகளாகிய பொக்கிஷங்களெல்லாம் அடங்கியிருக்கிறது." எல்லாம் என்றுதான் இருக்கிறது, வேதபாடம் மட்டும் என்று இல்லை. ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் கிறிஸ்து தெரிய வேண்டும். ஒளிச்சேர்க்கை நடத்தும்போது "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்ற வசனத்தோடு இணையுங்கள். நீர்ச்சுழற்சி என்றால் ஜீவத்தண்ணீர். பாடக்குறிப்பு எழுதும்போதே ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வசனம் தேடி வைத்துவிட்டால், பிள்ளைகள் உலகத்தையும் தேவனையும் தனித்தனியாகப் பார்க்கும் பழக்கம் வராது. இன்றைய பிள்ளைகளுக்கு நடக்கும் பெரிய சேதமே அந்தப் பிரிவினைதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு_வாத்தியார்

ஒலிவமரம் ஐயாவின் கவலை எனக்கும் உண்டு. வழியில்தான் மாறுபடுகிறேன். பாடத்தின் தலையில் வசனத்தை ஒட்டினால் இரண்டுக்குமே நியாயம் செய்யாமல் போகிறோம். யோவான் 8-ல் இயேசு தம்மை ஒளி என்றபோது பச்சையத்தைப் பற்றிப் பேசவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை அதை உடனே கண்டுபிடித்துவிடும். பிறகு வசனமும் நாம் எப்படி வேண்டுமானாலும் வளைக்கும் பொருள் என்று அதன் மனதில் பதியும். அதுதான் எனக்குப் பயம்.

என் பாடத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். வானியலாளர் கெப்ளர் போதகராகத்தான் படித்தார். 1594-ல் கிராஸ் என்ற ஊருக்குக் கணித ஆசிரியராக அனுப்பப்பட்டார். அடுத்த ஆண்டே தன் பழைய ஆசிரியருக்கு, "இறையியலாளராக விரும்பினேன், இப்போது வானியலிலும் கடவுள் மகிமைப்படுகிறார்" என்ற கருத்தில் கடிதம் எழுதினார். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது அதற்குப் பிறகு நடந்தது.

செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்து ஆண்டுக்கணக்கில் கணக்குப் போட்டார். கடைசியில், வானத்தைக் கவனமாக அளந்து வைத்த வானியலாளர் டைகோ பிராஹேயின் அளவீடுகளோடு ஒப்பிட்டால் 8 கோண நிமிடம் இடித்தது. முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய கால் பங்கு, அவ்வளவுதான். அவருக்கு முன் இருந்தவர்களுக்கு அது பொருட்படுத்த வேண்டிய பிழையே இல்லை. அவரும் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கலாம். ஆனால், டைகோவைப் போன்ற கவனமான நோக்கரைத் தேவன் தம் நன்மையினால் நமக்குத் தந்திருக்கும்போது, அந்தக் கொடையை நன்றியோடு ஏற்றுப் பயன்படுத்த வேண்டும் என்று எழுதிவிட்டு, தன் உழைப்பு முழுவதையும் தள்ளிவைத்தார். 1609-ல், செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற அவர் முடிவு வெளிவந்தது.

இதில் எங்கே கிறிஸ்தவம்? கணக்கின் மேல் எழுதிய வசனத்தில் இல்லை. உலகம் நான் உண்டாக்கியது அல்ல, எனக்குக் கொடுக்கப்பட்டது. அதனால் என் விருப்பத்துக்கு அதை வளைக்க எனக்கு உரிமை இல்லை. இந்தப் பணிவில்தான் இருக்கிறது. கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம் என்பதை நான் வகுப்பில் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். ஆய்வகத்தில் வர வேண்டிய விடை வரவில்லை என்று அளவீட்டை மாற்றி எழுதும் மாணவரிடம் இதைத்தான் பேசுவேன். அறிவியல் ஆசிரியைக்கு அந்த நிமிடம் எந்த வேதபாட வகுப்புக்கும் குறைந்ததல்ல.

புதிய_ஆசிரியை

சார், ஆய்வகக் குறிப்பேட்டில் விடையைத் திருத்தி எழுதுவது எல்லா வகுப்பிலும் நடப்பதுதான். அதை ஒழுங்குப் பிரச்சினையாக மட்டுமே பார்த்திருக்கிறேன், இறையியலோடு சேர்த்து யோசித்ததில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன்.

ஒலிவமரம்

கணக்கு சார் சொன்னதை ஏற்கிறேன். வசனத்தை வளைப்பது தவறுதான். ஆனாலும் ஒரு பயம் போகவில்லை. பாடப்புத்தகங்களை எழுதுகிறவர்கள் பலர் தேவனை அறியாதவர்கள். இலக்கியமும் தத்துவமும் அப்படித்தான். அவற்றை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? எருசலேமுக்கும் ஆதேன்ஸுக்கும், அதாவது விசுவாசத்துக்கும் கிரேக்கத் தத்துவத்துக்கும், என்ன சம்பந்தம் என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேட்டது சும்மா இல்லையே.

நூலக_மூலை

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு விசித்திரமான சம்பவம் இருக்கிறது. கி.பி. 362-ல் ரோமப் பேரரசர் யூலியன், கிறிஸ்தவர்கள் கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைக் கற்பிப்பதைத் தடுத்தார். அவருடைய வாதம் கேட்க நேர்மையாகவே இருக்கும்: ஹோமரின் தெய்வங்களை நம்பாதவர் ஹோமரைக் கற்பிப்பது வஞ்சகம், கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைத்தார்) தங்கள் சபைகளுக்குப் போய் மத்தேயுவையும் லூக்காவையும் விளக்கட்டும் என்றார். ரோமில் புகழ்பெற்ற பேச்சுக்கலை ஆசிரியரான விக்டோரினுஸ் விசுவாசத்தை விடவில்லை, பதவியை விட்டுவிட்டார்.

அந்தந்த நூல் அந்தந்த மதத்தாருக்கு மட்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் சாரம். சபை அதை ஏற்றதா? இல்லை. அக்காலத்துச் சபைத் தலைவர்களில் ஒருவரான நசியான்சு கிரகோரியார் கடுமையாக எதிர்த்தார். மொழியும் கல்வியும் எந்த ஒரு மதத்தின் தனிச்சொத்தும் இல்லை என்பது அவர் வாதம். கிறிஸ்தவர் அல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானுஸ்கூட அந்தச் சட்டத்தைக் கண்டித்தார். அடுத்த ஆண்டே யூலியன் போரில் இறந்துவிட்டார்.

பிறருடைய நூல்களைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்க வேண்டும் என்று இன்று நாம் சொன்னால், யூலியன் நமக்கு வெளியிலிருந்து போட்ட வேலியை நாமே உள்ளிருந்து போடுகிறோம். வேதமும் அப்படிச் சொல்லவில்லை. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவர் (அப்போஸ்தலர் 7:22). தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தார். அதிலே சமர்த்தைத் தந்தவர் தேவன் என்றே முதல் அதிகாரம் சொல்கிறது. ராஜாவின் போஜனத்தை மறுத்தவர், ராஜாவின் புத்தகங்களை மறுக்கவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. வயது பார்க்க வேண்டும். கூட உட்கார்ந்து படிக்க வேண்டும்.

கேள்விக்குறி

நான் கிறிஸ்தவன் அல்ல. கல்வித் தத்துவத்தில் ஆர்வம் உண்டு, அதனால் இந்த இழையைத் தொடர்கிறேன். இதுவரை வந்தவை எனக்கும் ஏற்புடையவை. ஆனால் மையமான பிரச்சினையை யாரும் தொடவில்லை. ஏழு வயதுக் குழந்தைக்கு மறுக்கும் திறன் கிடையாது. பிள்ளையை நடக்க வேண்டிய வழியில் நடத்தினால் "அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்" என்று உங்கள் நீதிமொழிகள் 22:6 வசனமே சொல்கிறது. விட முடியாதபடி பதிய வைப்பதுதான் நோக்கம் என்றால், அது கல்வியா, பழக்கப்படுத்தலா? கல்வியின் நோக்கம் பிள்ளை தானாகச் சிந்திப்பது என்றுதான் நான் நம்புகிறேன்.

மறைக்கல்விப்_பணி

நண்பர் கேள்விக்குறிக்கு. நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர், மறைக்கல்வி எடுக்கிறேன். உங்கள் கேள்வி எங்களுக்குப் புதிதல்ல, எங்கள் மரபுக்குள்ளேயே நெடுநாளாக இருக்கிறது.

புனித அகுஸ்தினார் கி.பி. 389-ஐ ஒட்டித் தம் மகன் அதியோதாத்துசுடன் நடத்திய உரையாடலை எழுதி வைத்திருக்கிறார். மகனுக்குப் பதினாறு வயது இருக்கும். ஒருவர் இன்னொருவருக்கு உண்மையிலேயே எதையாவது கற்பிக்க முடியுமா என்பதுதான் பேச்சு. அவர் வந்து சேரும் முடிவு ஆசிரியர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். ஆசிரியர் சொல்வது வெறும் சொல். அது உண்மைதானா என்று மாணவர் தமக்குள்ளே பார்க்கும்போதுதான் கற்றல் நடக்கிறது. உள்ளே இருந்து கற்பிக்கும் ஆசிரியர் கிறிஸ்து. வெளியே நிற்கும் ஆசிரியர் சுட்டிக்காட்டுகிறார், அவ்வளவே. ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளவா ஒருவர் தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார் என்றும் அங்கே கேட்கிறார்.

இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் இதைக் கொஞ்சம் திருத்தினார். ஆசிரியருக்கும் மெய்யான பங்கு உண்டு, ஆனாலும் கற்பதில் முதன்மையாக இயங்குவது மாணவரின் சொந்த அறிவுதான் என்றார்.

இதிலிருந்து எனக்குக் கிடைத்தது: நம்பிக்கையை யாரும் யாருக்குள்ளும் திணிக்க முடியாது. திணித்தால் உள்ளே போவது நம்பிக்கையாக இருக்காது, அச்சமாகவோ நடிப்பாகவோ இருக்கும். நீங்கள் கேட்ட சுதந்திரம் வெளியாரோடு செய்துகொண்ட சமரசம் என்று நினைத்துவிடாதீர்கள். கடவுள் மட்டுமே தொடக்கூடிய இடம் பிள்ளைக்குள் இருக்கிறது, அங்கே நான் நுழையக் கூடாது என்பதிலிருந்து வருவது அது.

எதையுமே பதியவைக்காத கல்வி இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பொய் சொல்லக் கூடாது, பலவீனரைக் கேலி செய்யக் கூடாது என்பவற்றை ஏழு வயதில் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. மதமே பேசாத பள்ளியும், மனிதர் யார், வாழ்வு எதற்கு என்ற கேள்விகளுக்கு ஒரு பதிலைத் தினமும் கொடுக்கிறது, பெரும்பாலும் மதிப்பெண் பட்டியல் வழியாக. வெளிப்படையாகச் சொல்லிவிட்டுக் கற்பிப்பது அதைவிட நேர்மையானது.

கேள்விக்குறி

கடைசிப் பத்தியை ஏற்கிறேன். நடுநிலையான கல்வி கிடையாது என்பது சரி. ஆனால் கடவுள் மட்டும் நுழையும் இடம் என்று கோட்பாட்டில் சொல்வது எளிது. வகுப்பில் ஒரு பிள்ளை "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்ல முடிகிறதா என்பதை வைத்துத்தான் நான் அளப்பேன்.

இரு_பிள்ளைகளின்_அம்மா

மதிப்பெண் பட்டியல் என்றதும் எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. என் மூத்தவள் வேகமாகப் படிப்பவள். இளையவனுக்கு எழுத்துகள் பிடிபட மெதுவாகும். இருவரும் ஒரே கிறிஸ்தவப் பள்ளியில். ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ரேங்க் பட்டியல் சுவரில் ஒட்டப்படும். அதற்கு மேலே மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்ற வசனம் அழகாக எழுதியிருக்கும். என் மகன் இரண்டையும் படிக்கிறான். எது உண்மை என்று அவன் எதை வைத்து முடிவு செய்வான்?

தேவசாயல் என்பது அறிவின் அளவைப் பொறுத்தது என்று ஆதியாகமத்தில் எங்கேயும் இல்லை. 1 கொரிந்தியர் 12-ல் பலவீனமாய்த் தோன்றும் அவயவங்களே மிகவும் வேண்டியவை என்று பவுல் சொல்கிறார். அதே நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில், "அறிவு இறுமாப்பை உண்டாக்கும், அன்போ பக்திவிருத்தியை உண்டாக்கும்" என்கிறார். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, நாமும் எல்லோரையும் போலவே பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறோம். தங்கச்சி, உங்கள் கோட்பாட்டில் இதற்குப் பதில் இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் என்னைப் போன்ற தாய்க்குப் பயன் இல்லை. மதிப்பெண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று சொல்லுங்கள், அது அவனுக்கு உதவும். அடுத்த பிள்ளையோடு வைத்துப் பார்த்து என்ன பயன்?

நூலக_மூலை

அம்மா எழுதியதைப் படித்ததும் கொமேனியுஸ் நினைவுக்கு வந்தார். 1592-ல் மொராவியாவில் பிறந்த சகோதரர் சபைப் பேராயர். முப்பதாண்டுப் போரில் வீட்டையும் மனைவியையும் பிள்ளைகளையும் இழந்து ஊர் ஊராக அலைந்தவர். 1656-ல் லெஷ்னோ நகரம் எரிந்தபோது பல ஆண்டுக் கையெழுத்துப் பிரதிகளும் போயின. அப்படிப்பட்டவர் விடாமல் எழுதியது ஒன்றே: எல்லோருக்கும் எல்லாவற்றையும் முழுமையாகக் கற்பிக்க வேண்டும். பணக்காரர், ஏழை, ஆண், பெண், கூர்மையானவர், மந்தமானவர் எல்லோருக்கும். மந்தமாகத் தோன்றும் பிள்ளைக்குத்தான் உதவி அதிகம் தேவை, ஆகவே அவனை ஒதுக்க முடியாது என்பது அவர் வாதம். அவர் சொன்ன காரணம் பொருளாதாரம் இல்லை. எல்லோரும் தேவசாயல், எல்லோரும் ஒரே நித்தியத்துக்கு அழைக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். 1658-ல் அவர் வெளியிட்ட படப் புத்தகம் குழந்தைகளுக்கான படப் பாடநூல்களின் முன்னோடி. தெரிந்த பொருளின் படத்தைக் காட்டி மொழி சொல்லிக்கொடுத்தால் மெதுவாகப் படிப்பவரும் வந்து சேர்ந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் செய்தது.

ஒலிவமரம்

தேவசாயல் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் ஆதியாகமம் முதல் அதிகாரத்தோடு முடியவில்லை. மனிதர் பாவத்தில் விழுந்ததைச் சொல்லும் மூன்றாம் அதிகாரமும் இருக்கிறது. பிள்ளை இயல்பிலேயே நல்லது, சமுதாயம்தான் கெடுக்கிறது என்பது 1762-ல் தத்துவ அறிஞர் ரூசோ சொன்னது, வேதம் சொல்வதல்ல. "பிள்ளையின் நெஞ்சில் மதியீனம் ஒட்டியிருக்கும்" என்கிறது நீதிமொழிகள் 22:15. சிட்சை, அதாவது கண்டித்துத் திருத்துதல், இல்லாத கல்வி கிறிஸ்தவக் கல்வி ஆகாது.

கணக்கு_வாத்தியார்

ஐயா, மூன்றாம் அதிகாரத்தை விடக் கூடாது என்பதில் உங்களோடு நிற்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் நம் பார்வையின் தனித்தன்மை. ஆனால் பாவம் என்ற போதனை வகுப்பறையில் மாணவர் பெஞ்சில் மட்டும் உட்காராது. முதலில் ஆசிரியரின் மேசைக்கு வரும். நாற்பது பிள்ளைகள் மேல் எனக்கு அதிகாரம் இருக்கிறது. நானும் விழுந்துபோன மனிதன். அப்படியானால் பாவத்தை உண்மையாக நம்புகிற பள்ளி, ஆசிரியரின் கோபத்துக்கும் பாரபட்சத்துக்கும் மற்ற யாரையும்விடக் கண்டிப்பான வரம்பு வைக்க வேண்டும். "உங்களில் அநேகர் போதகராகாதிருப்பீர்களாக" என்று யாக்கோபு எச்சரிப்பதும், பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று எபேசியர் 6:4 பெரியவர்களுக்குக் கட்டளையிடுவதும் இதனால்தான்.

அடிப்பதைப் பற்றி 11-ஆம் நூற்றாண்டிலேயே பேசியிருக்கிறார்கள். தன் மடத்தில் வளரும் பையன்களை இரவும் பகலும் அடித்தும் மோசமாகிக்கொண்டேதான் போகிறார்கள் என்று ஒரு மடாதிபதி, துறவியும் இறையியலாளருமான அன்செல்மிடம் வந்து புலம்பினார். அன்செல்ம் கேட்டார்: ஒரு மரக்கன்றை நட்டு, கிளை நீட்ட இடமில்லாமல் நாலா பக்கமும் அடைத்துவிட்டு, பல ஆண்டு கழித்துத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும்? கோணலும் முறுக்கலுமாகத்தான் இருக்கும். அது யார் குற்றம்? கொமேனியுஸும், பாடம் வரவில்லை என்பதற்காகத் தண்டிக்கவே கூடாது, சிட்சை நடத்தைக்கு மட்டும்தான் என்று பிரித்துச் சொன்னார். பாடம் வராவிட்டால் கற்பித்த முறையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒலிவமரம்

மேசைக்கும் வரும் என்பதை மறுக்க மாட்டேன். எங்கள் சபைப் பள்ளிக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். ஆனாலும் நடத்தைக்குச் சிட்சை என்று கொமேனியுஸே சொல்வதை விட்டுவிடாதீர்கள்.

மறைக்கல்விப்_பணி

ஒரு சின்னச் சேர்க்கை, இரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு வரியாவது கொடுங்கள்: பிள்ளையின் முதல் ஆசிரியர்கள் பெற்றோர். 1965-ல் கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் கல்வி அறிக்கையில் இதைத் தெளிவாகச் சொன்னது. கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனமும் 26-ஆம் பிரிவில் பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்று தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே என்கிறது. பள்ளி அந்தப் பொறுப்பில் பங்கெடுக்கலாம், பறிக்கக் கூடாது.

இன்னொன்று. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் சிமோன் வெய் 1942-ல் பள்ளிப் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு வடிவியல் கணக்கோடு ஒரு மணி நேரம் போராடி விடை வராமல் போனாலும் அந்த நேரம் வீணில்லை, கவனம் செலுத்தும் ஆற்றல் வளர்ந்திருக்கிறது, ஜெபம் என்பதே அந்தக் கவனம்தான் என்பது அவர் கருத்து. துன்பப்படுகிறவரை உற்றுப் பார்க்கவும் அதே ஆற்றல்தான் வேண்டும் என்கிறார். அம்மாவின் இளைய மகன் எழுத்துகளோடு போராடும் நேரத்தை நான் இப்படித்தான் மதிப்பேன். எந்தப் பட்டியலிலும் அது வராது.

இரு_பிள்ளைகளின்_அம்மா

இதை இன்று இரவே அவனிடம் என் வார்த்தையில் சொல்வேன். நன்றி.

புதிய_ஆசிரியை

எல்லாவற்றையும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு முதல் பத்தியை எழுதினேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

"நான் கற்பிக்கும் உலகம் தேவன் படைத்தது. ஆகவே அதைப் பற்றிப் பொய் சொல்லவோ, வசதிக்காக வளைக்கவோ எனக்கும் என் மாணவருக்கும் உரிமை இல்லை; உண்மையை யார் கண்டுபிடித்திருந்தாலும் நன்றியோடு ஏற்போம். நான் கற்பிக்கும் பிள்ளை தேவசாயல். அந்த மதிப்பு தேர்வுக்கு முன்பே கொடுக்கப்பட்டது, தேர்வு அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதே பிள்ளையும் நானும் விழுந்துபோனவர்கள். ஆகவே திருத்துதல் தேவை, என் அதிகாரத்துக்கு வரம்பும் தேவை. விசுவாசத்தை நான் சாட்சியாகச் சொல்வேன், கட்டாயமாக்க மாட்டேன்."

ஒளிச்சேர்க்கை கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. பாடம் ஒன்றேதான். அதைச் சுற்றி நான் எதைக் கண்டிக்கிறேன், எதைப் பாராட்டுகிறேன், தவறான விடை சொன்ன பிள்ளையிடம் எப்படித் திரும்புகிறேன் என்பதெல்லாம் மாறும்.

கேள்விக்குறி

நல்ல பத்தி. கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்கிறேன். உங்களிடம் பல ஆண்டு படித்து, உண்மையாக யோசித்து, கடைசியில் "எனக்கு நம்பிக்கை இல்லை" என்று சொல்லும் மாணவர் உங்கள் தோல்வியா?

கணக்கு_வாத்தியார்

எனக்கு வலிக்கும். அதை மறைக்க மாட்டேன், ஏனென்றால் நான் நம்புவது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் மாற்கு 10-ல் ஐசுவரியமுள்ள ஒருவன் வருகிறான். இயேசு அவனைப் பார்த்து அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. அவன் துக்கத்தோடு போய்விடுகிறான். இயேசு நிபந்தனையைக் குறைத்து அவனை நிறுத்தவும் இல்லை, மிரட்டவும் இல்லை. போகும் உரிமை அவனுக்கு இருந்தது. அந்த மாணவருக்கு மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் தேவைப்பட்டால், சபையில் முன்வரிசையில் உட்காரும் மாணவருக்கு எழுதுவதைப் போலவே எழுதுவேன். அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தை குறைந்தாலும் நான் இதுவரை இங்கே எழுதியது எல்லாம் பொய்.

ஒலிவமரம்

கடிதம் எழுதுங்கள் சார். நான் அவனுக்காக ஜெபிப்பதையும் விடமாட்டேன், அவனிடம் அதைச் சொல்லவும் செய்வேன். அது கட்டாயப்படுத்தல் என்று கேள்விக்குறி நண்பர் சொல்வாரானால் அங்கே நாங்கள் மாறுபடுவோம்.

கேள்விக்குறி

சொல்லிவிட்டு ஜெபித்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை ஐயா. அவன் மறுத்தாலும் அவனோடு பழகுவது மாறாமல் இருந்தால் போதும்.

புதிய_ஆசிரியை

ரேங்க் பட்டியல் பற்றி இரண்டாம் பக்கத்தில் எழுதப் போகிறேன். நேர்காணலில் "எங்கள் பள்ளியிலும் ஒட்டுகிறோமே" என்று கேட்டால் என்ன சொல்வது? ஏற்கெனவே பட்டியலை நிறுத்திய பள்ளிகளில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருந்தால், பெற்றோரிடம் அதை எப்படி விளக்கினீர்கள் என்று எழுதுங்கள்.